ஆளு எங்க?

திண்டிவனத்து மோட்டார் ஆபீசுக்கு எதிரில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஐந்தாறு பேர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். லைசென்ஸ், பேர் மாற்றம் என்று வருகிறவர்களுக்குப் பாரம் எழுதிக் கொடுக்கிற ஏஜெண்டுகள். கடைசி மேசை அவருடையது. வெயில் சாய்ந்தால் நிழல் முதலில் அவரைத்தான் விட்டுப் போகும். அதற்காக மேசையை நகர்த்தமாட்டார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே இருப்பார். காதில் எப்போதும் ஒரு பென்சில். காலடியில் ரெக்சின் பை.

யாராவது வந்தால் மற்றவர்கள் எழுந்து, "வாங்க வாங்க, இன்னா வேலை, ஜல்தியா முடிச்சிடலாம்" என்பார்கள். இவர் எழுந்திருக்கமாட்டார். நீட்டுகிற பேப்பரையும் வாங்கமாட்டார். வந்தவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்பார்.

"ஆளு எங்க?"

வண்டி யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆள். அவர் இவர் கண்ணெதிரில் வந்து நிற்க வேண்டும், தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் இவர் பேனாவைத் திறப்பார். வீட்டில் போட்டு எடுத்து வந்தேன், போன மாதமே போட்டு வைத்தது என்பதெல்லாம் அவரிடம் நடக்காது.

ஒருமுறை நான் அங்கே காத்திருந்தபோது பட்டாளத்துக்காரர் மனைவி ஒருத்தி வந்தாள். புருஷனுடைய பைக்கைக் கொழுந்தன் பேருக்கு மாற்ற வேண்டும். புருஷன் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறான்.

"ஆளு எங்க?"

"காஷ்மீர்ல இருக்காருங்க."

"வந்த பெறகு வாம்மா."

அவளும் விடவில்லை. போனில் வீடியோ போட்டுப் புருஷன் முகத்தைக் காட்டினாள். இவர் பாரத்தை அந்த முகத்துக்கு நேராகப் பிடித்து, "தம்பி, இது நீ போட்டதா?" என்றார்.

"ஆமா சார்."

"யாராவது பக்கத்துல நின்னுக்கினு போடச் சொன்னாங்களா?"

"இப்ப எங்க ஆபீசர்தான் சார் பக்கத்துல நிக்கறாரு."

"அவரயும் காட்டு."

மரத்தடியே சிரித்தது. அடுத்த மேசைக்காரர், "எமன் கூட ஆளப் பாக்காம கூட்டிக்கினு போயிடுவான்யா, நீ மாட்ட" என்றார். இவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. புருஷன் பொங்கல் லீவில் வரும் வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு வேலை ஆகவில்லை.

கல்யாணப் பத்திரிகை விஷயத்திலும் அப்படித்தானாம். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் கல்யாணத்துக்குப் போகமாட்டார். ஆள் வந்து கையில் வைக்க வேண்டும். அதை அவர் சம்சாரம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் பாதிச் சொந்தம் விட்டுப் போய்விட்டதாம்.

நான் அவரிடம் போனது காருக்காக.

என் வீட்டுக்காரர் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, நன்றாக விளைந்த ஒரு வருஷத்தில் அந்த அம்பாசிடரை வாங்கினார். அப்போதே அது பழைய வண்டி. இப்போது அறுபது வயசுக்கு மேல் ஆகிறது, எனக்கு ஒரு தங்கை மாதிரி. கறுப்பு நிறம். கியர் ஸ்டியரிங்கோடு சேர்ந்திருக்கும், அதனால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். எங்கள் ஊர் கிளியனூரில் முன்சீட்டில் உட்கார்ந்து போன முதல் பெண்பிள்ளை நான்தான். பார்த்தவர்கள் என்னென்னவோ பேசினார்கள். நான் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு போனேன்.

விற்றவர் கோட்டக்குப்பத்துப் பாய். துபாயில் சம்பாதித்தவர். கோட்டக்குப்பம் நம் தமிழ்நாடு. ஆனால் தெருவைத் தாண்டினால் பாண்டிச்சேரி, அங்கே வரி குறைச்சல். அதனால் பாய், மச்சான் வீட்டு விலாசத்தைக் கொடுத்து வண்டியைப் பாண்டிச்சேரியில் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் செய்கிற காரியம்தான். விற்கும்போது நம் பக்கத்து வழக்கப்படி பாரத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, மற்ற இடத்தையெல்லாம் காலியாக விட்டுக் கொடுத்தார். ஓப்பன் பாரம் என்பார்கள். வாங்குகிறவர் எப்போது வேண்டுமானாலும் தன் பேரை எழுதிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் அதை மடித்துப் பெட்டியில் வைத்தார். வேறு மாநிலத்து வண்டி, அங்கே போய்த் தடையில்லை என்று எழுதி வாங்க வேண்டும், பிறகு இங்கே பதிய வேண்டும், பேஜாரு என்றார். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று முப்பது வருஷம் ஓட்டினார். ஒருநாள் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றார். திண்டிவனம் போவதற்குள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்கு முன்பே என் கொழுந்தன் ஆணியிலிருந்து கார்ச் சாவியை எடுத்தான். விழுப்புரத்தில் பழைய வண்டி வாங்கி விற்கிறவன்.

"கடலோரமா ஒரு ரிசார்ட்டுல அழகுக்கு நிறுத்தறதுக்குப் பழைய வண்டி கேக்கறாங்க அண்ணி. நான் எம் பேர்ல மாத்திக்கினு பாத்துக்கறேன்."

"ஒங்க அண்ணன் வண்டிப்பா அது. இங்க நிக்கட்டும்."

"அண்ணன் வண்டின்னு எதுல இருக்குது? பேப்பர்ல அண்ணனும் இல்ல, நீங்களும் இல்ல. பேப்பர்ல நீங்க யாரு அண்ணி?"

நூறு பேருக்கு முன்னால் கேட்டான். அவன் கையைப் பிடித்து விரலைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே கார்க் கொட்டகைக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டேன். பேப்பரில் என் பேர் ஏறாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தது அந்தப் பூட்டைப் பூட்டும்போதுதான்.

பெட்டியைத் தேடினால் ஆர்.சி. புத்தகமும் பாயின் கையெழுத்துப் போட்ட பாரங்களும் அப்படியே இருந்தன. பழுத்துப்போன பேப்பர், நீல மசி. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. காலி இடத்தில் என் பேரை எழுத வேண்டியதுதானே. எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். ஏமாற்றாத ஆள் யார் என்று டீக்கடையில் கேட்டேன். கடைசி மேசையைக் காட்டினார்கள்.

அவர் பாரத்தைத் தொடக்கூட இல்லை.

"ஆளு எங்க?"

"கோட்டக்குப்பத்துல இருக்காரு. வயசானவரு. கையெழுத்துதான் இருக்குதே, பாருங்க."

"கையெழுத்து இருக்குதும்மா. நான் கேட்டது ஆள."

மற்ற மேசைகளிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "இங்க வாங்கம்மா, ஒரே வாரம்." நான் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை. குறுக்கு வழியில் என் பேர் ஏறினால் கொழுந்தனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியிருக்கலாம்.

முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கிளியனூர் வந்தார். பானெட்டைத் தூக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் தகட்டைத் துடைத்தார். அதில் குத்தியிருக்கிற நம்பர்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக எழும்பி வந்தது. கடைசி எண் தெரிந்ததும், "வந்துட்டாரு" என்றார், வாசலில் யாரையோ பார்த்ததுபோல. அதேபோல இன்னொரு காகிதத்திலும் எடுத்தார். எப்போதும் இரண்டு எடுப்பாராம்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தான். "இன்னா சார், வண்டிக்கு நாடி பாக்கறியா?"

"நாடி நல்லா இருக்குதுங்க. நீங்க யாரு?"

"ஓனரோட தம்பி."

"ஓனரு கோட்டக்குப்பத்து பாயாச்சே. அவருக்கு நீங்க தம்பியா?"

கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அந்த வாரமே அவரும் நானும் கோட்டக்குப்பம் போனோம். பாய்க்கு வலது பக்கம் வாதம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் இப்போது துபாயில். வீட்டில் மருமகள் மட்டும். என்னைப் பார்த்ததும் பாய்க்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டாலும் பேச்சு புரிந்தது.

"கிளியனூரு தங்கச்சியா? மச்சான் எங்க?"

அவர் போய்விட்டதைச் சொன்னேன். கண்ணை மூடி என்னமோ ஓதினார். பிறகு, "வண்டி ஓடுதா?" என்றார்.

"நிக்குதுண்ணே. அதுக்குத்தான் வந்தோம்."

ஏஜெண்டு விஷயத்தைச் சொல்லிப் புதுப் பாரத்தை எடுத்தார். "சோத்துக்கை வராட்டி பரவால்ல பாய். பீச்சாங்கை பெருவெரல் வெச்சாப் போதும். நான் சாட்சி. பாண்டிச்சேரி ஆபீசுலயும் நானே சொல்றேன்."

பாய் மசிப்பெட்டியைப் பார்த்தார். நல்ல கை மடிக்குள் சுருண்டுகொண்டது.

"நான் கைநாட்டு இல்லப்பா. துபாய்ல முப்பது வருசம் கையெழுத்துப் போட்டு வேல பாத்தவன்."

"மாமா, வெச்சிடுங்களேன், அம்மா தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றாள் மருமகள்.

"ஒரு வாரம் கொடுங்க. இந்தக் கையால எழுதிப் பழகிக்கினு போடறேன். வர்ற வெள்ளி தொழுகை முடிஞ்சி வாங்க."

ஏஜெண்டு என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இன்னைக்கே வாங்கிடலாமா?"

நான் மூன்றாவது வரைதான் படித்தேன். ஆனால் மீதி எழுத்தை நானே பழகிக்கொண்டேன், என் பேரை நானே எழுதுவேன். ஒருமுறை பேங்கில் ஒரு பெண் மசிப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் அதை அவள் பக்கமே திரும்பத் தள்ளிவிட்டு அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். அப்படிப்பட்டவள், அந்த மனிதரின் கட்டைவிரலைப் பிடித்து மசியில் அமுக்கச் சொல்வேனா?

"வெள்ளிக்கெழமையே வர்றோம்ணே" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏஜெண்டு ஒரு வார்த்தைதான் பேசினார். "நல்லதுதாம்மா சொன்னீங்க." அந்த வார்த்தையை இன்றைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

புதன்கிழமை பாய் மவுத்தாகிவிட்டார்.

சாவு வீட்டில் போய் உட்கார்ந்தேன். மருமகள் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பக்கம் பக்கமாக அவர் பேர். முதல் பக்கத்தில் எறும்பு மசியில் விழுந்து நடந்தது மாதிரி இருந்தது. போகப் போக எழுத்து நிமிர்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒன்று. என் பெட்டியிலிருந்த பழைய நீல மசிக் கையெழுத்தை இதன் பக்கத்தில் வைத்தால் யாரும் வேறு என்று சொல்லமாட்டார்கள். "செவ்வாக்கெழம போட்டது பெரியம்மா. போட்டுட்டு என்னக் கூப்பிட்டுக் காட்டுனாங்க" என்றாள்.

அந்த நோட்டையும் பழைய பாரத்தையும் எடுத்துக்கொண்டு நேராகத் திண்டிவனம் போனேன். மேசைமேல் இரண்டையும் வைத்தேன்.

"ஆளு எங்கன்னு கேக்காதீங்க. ஆளு மண்ணுக்குள்ள இருக்காரு. இது அவரு கை. இது அவரு மனசு. எழுதுங்க."

அவர் நோட்டை மட்டும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூடி என் பக்கம் வைத்தார்.

"மகன் லீவுல வரட்டும்மா. வாரிசு பேப்பர் வாங்கி அவரு கையெழுத்துல முறையா மாத்தலாம். ஒரு வருசம் ஆவும். நான் கூடவே நிக்கறேன்."

"அதுக்குள்ள அவன் தூக்கிக்கினு போயிடுவான்யா!"

நான் கத்தியதில் மரத்தடியே திரும்பிப் பார்த்தது. நீயும் ஒரு மனுஷனா என்று கேட்டேன். கல்லு என்றேன். இன்னும் சொன்னேன், எழுதக் கூடாத வார்த்தை.

அவர் குனிந்து ரெக்சின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு பாரம். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. கீழே ஒரு கையெழுத்து. மற்றதெல்லாம் காலி.

"நான் தொழிலுக்கு வந்த புதுசு. ஒருத்தரு வேனை வித்துட்டு இந்த பாரத்துல கையெழுத்துப் போட்டு எங்கிட்ட குடுத்தாரு. வாங்குனவன் வருவான், பேரு எழுதிக்கலாம்னு டிராயர்ல போட்டு வெச்சேன். வாங்குனவன் வரல. வேனு மட்டும் கைமாறி ஓடிக்கினு இருந்தது. ஒரு வருசம் கழிச்சி ரோட்டோரமாப் போன ரெண்டு புள்ளைங்க மேல ஏறிடுச்சு. ஓட்டுனவன் ஓடிட்டான். போலீஸு யார் வீட்டுக்குப் போவும்? ஆர்.சி.யில யார் பேரு இருக்குதோ அவரு வீட்டுக்கு. புள்ளைங்கள வாரிக் குடுத்த சனமும் பின்னாலயே போச்சு. நான் வித்துட்டேன், நான் வித்துட்டேன்னு சொல்லியிருக்காரு. எதக் காட்டுவாரு? காட்ட வேண்டியது எங்கிட்ட இருக்குது. நான் அன்னிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வந்து கேள்விப்பட்டு இத எடுத்துக்கினு ஓடுனேன். மூணாம் நாளு. அதுக்குள்ள மல்லாட்டைக்கு அடிக்கற மருந்தக் குடிச்சிட்டாரு."

பாரத்தைத் திரும்ப உறையில் போட்டார்.

"அவரு மொகம் எனக்கு ஞாபகம் இல்லம்மா. கையெழுத்துதான் தெரியும். பேப்பர வாங்குனப்போ நான் ஆளப் பாக்கவே இல்ல."

நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். பிரதோஷத்துக்குத் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. பூட்டை அறுத்திருந்தார்கள். தரையில் எண்ணெய் சொட்டிய கறையும் நான்கு டயர்த் தடமும். கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் கிளீனா மாறியிருச்சி அண்ணி. இப்ப வண்டி எம் பேர்ல. பாயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

"எப்ப போட்டாரு?"

"போன வாரம்."

"பாய் செத்து ரெண்டு மாசம் ஆவுதுடா."

"பேப்பர்ல சாவலையே அண்ணி" என்றான்.

விழுப்புரத்துப் பக்கம் யாரோ ஒரு ஏஜெண்டு, ஆர்.சி. தொலைந்துபோனதென்று சொல்லி, பாயின் கையெழுத்தையும் தானே போட்டுச் செய்து கொடுத்திருக்கிறான். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் திண்டிவனத்து ஏஜெண்டு வந்தார். காலிக் கொட்டகையில் குனிந்து டயர்த் தடத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மனு குடுக்கலாம்மா. செத்தவரு கையெழுத்து, கேசு கண்டிப்பா நிக்கும். நானே வந்து சாட்சி சொல்றேன்."

"குடுத்தா மொதல்ல யார விசாரிப்பாங்க?"

அவருக்குத் தெரியும். பாய் வீட்டில்தான் முதலில் போய் நிற்பார்கள். மகன் ஊரில் இல்லாத வீடு. அந்தப் பெண் ஒருத்தி, எழுதிப் பழகிய நோட்டு வேறு இருக்கிறது. உன் மாமனாரின் கையெழுத்தை யார் பழகினது என்று கேட்பார்கள்.

"வேணாங்க" என்றேன். "அந்த வாசல்ல போலீஸு ஏற வேணாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கும்பிடுவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்தக் கும்பிடு எனக்கில்லை, உறைக்குள் இருந்த கையெழுத்துக்காரருக்கு என்று தெரிந்தது.

பையிலிருந்து அந்தப் பென்சில் காகிதத்தை எடுத்தார். வண்டியின் நம்பர் வெள்ளை வெள்ளையாக அதில் இருந்தது.

"ஒண்ணு ஆபீசுக்கு. ஒண்ணு எப்பவும் ஓனருக்குக் குடுக்கறது." காதிலிருந்த பென்சிலையும் நீட்டினார். "கீழ ஒங்க பேர எழுதுங்கம்மா. ஆளு எதிர்ல இருக்கீங்க."

கதவில் காகிதத்தை வைத்து எழுதினேன். பலகை மேடு பள்ளமாக இருந்ததால் எழுத்து பாயின் முதல் பக்கத்து எழுத்து மாதிரி வந்தது. எந்த ஆபீசிலும் செல்லாத பேப்பர். நோட்டுக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டியிருக்கிறேன். கார் கடலோர ரிசார்ட்டு வாசலில் நிற்கிறதாம். கல்யாண ஜோடிகள் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

போன புரட்டாசியில் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, ஏஜெண்டு இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். கேட்டதை வைத்து நம்பிவிட மனம் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, திண்டிவனம் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். காதில் பென்சில் இல்லை. அவர் சம்சாரம் பையைத் துழாவி அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து, "இது இன்னா பேப்பருன்னு தெரியலியே அக்கா, யாராவது கேட்டுக்கினு வருவாங்களா?" என்றாள்.

"யாரும் வரமாட்டாங்க. அவரோடவே வெச்சிடுங்க" என்றேன். சட்டைப் பையில் வைத்து அனுப்பினோம்.

இவ்வளவு எழுதிவிட்டு அவர் பேரை எழுதாமல் விட்டிருக்கிறேன். மறந்துபோய் அல்ல. என் பேரை எழுதுவதுபோல அவர் பேரையும் எழுத எனக்குத் தெரியும். ஆனால் ஆள் எதிரில் இல்லை.